ஜெபம் பாதியில் நின்றுபோன ஞாயிறு

ஓய்வுநாள் பள்ளியில் 30 பிள்ளைகள் கண்ணை மூடி, கை கூப்பி நின்றிருந்தார்கள். நான் முன்னால் நின்று பரமண்டல ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "பூமியிலேயும் செய்யப்படுவதாக" வரை வந்துவிட்டது. அடுத்த வரி வரவில்லை. தொண்டையில் சிக்கியது என்றில்லை, அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பேச்சு வந்த வயதிலிருந்து சொல்லிவரும் ஜெபம். கண்ணைத் திறந்து பார்த்தேன். பிள்ளைகள் கண்மூடியபடியே காத்திருந்தார்கள். இரண்டு பேர் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். கடைசியில் முன்வரிசையில் நின்ற ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, பொறுமை இழந்தவளாக, "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்று சத்தமாக எடுத்துக் கொடுத்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டு முடித்தார்கள். நான் வாயை மட்டும் அசைத்தேன். அப்புறம் வராந்தாவுக்குப் போய்த் தூணில் சாய்ந்து அழுதேன். ஏன் அழுகிறேன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

இதை எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். இந்த நிலைக்கு வருவதற்கு முன் யாராவது என்னை உட்காரவைத்து, "நீ போகிற வேகம் சரியில்லை" என்று சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள். திருச்சபையில் ஓடுகிற ஆளை யாரும் நிறுத்துவதில்லை, இன்னொரு பொறுப்பைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள்.

என் கணக்கைச் சொல்கிறேன். முழுநேர அலுவலக வேலை, வீடு, கணவர், இரண்டு பிள்ளைகள். அதற்கு மேல் சபையில் ஓய்வுநாள் பள்ளிக் கண்காணிப்பு, பாடகர் குழு, பெண்கள் ஐக்கியச் செயலாளர் பொறுப்பு, செவ்வாய்க்கிழமை வீட்டு ஜெபம், வெள்ளி உபவாச ஜெபம். உடல் படுத்த பிறகு ஒருநாள் தாளும் பேனாவும் எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். ஞாயிறு 7 மணி நேரம், செவ்வாய் 3, புதன் பாட்டுப் பயிற்சி இரண்டரை, வெள்ளி 3, சனிக்கிழமை பாடம் தயாரிக்க 4, தொலைபேசியில் இதை அதை ஒழுங்குபண்ண இரண்டரை. வாரத்துக்கு 22 மணி நேரம். இப்படி 6 வருடம். 6,500 மணி நேரத்துக்குக் குறையாது. அத்தனையும் கர்த்தருக்காகத்தான் என்று நினைத்திருந்தேன். பாதி அவருக்காகத்தான். மீதிப் பாதி, "சிஸ்டர், நீங்க இல்லைன்னா இது நடக்காது" என்று யாராவது சொல்லும்போது உள்ளுக்குள் பரவுமே ஒரு குளுமை, அதற்காக. இதை ஒத்துக்கொள்ளவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

என் தனிஜெப வாழ்க்கையும் அதே வேகத்தில்தான் போனது. வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். தினம் 3, ஞாயிறு 5 என்று வாசித்தால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். நம்மில் பலருக்குச் சிறு வயதிலேயே சொல்லிக்கொடுத்த கணக்கு. நான் அட்டை போட்டு, ஒவ்வொரு அதிகாரத்துக்கும் ஒரு டிக் அடித்து, 4 வருடத்தில் 4 தடவை முடித்தேன். சங்கீதம் 119 வருகிற நாளில் 176 வசனத்தையும் கண்ணாலேயே ஓட்டிவிட்டு, தலைமுடியை வாரிக்கொண்டே டிக் அடித்திருக்கிறேன். மத்தியானம் யாராவது, "இன்று காலையில் என்ன வாசித்தாய்?" என்று கேட்டிருந்தால் புத்தகத்தின் பெயரைத்தான் சொல்லியிருப்பேன். வேதம் வாசிக்கும் பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கணக்கு நல்ல கணக்குதான். நான் தேடியது வசனத்தை இல்லை, டிக்கை.

அவசரத்தில் பணமும் போனது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் ஜெபக்குறிப்புகள் வரும் குழுவில் ஒரு செய்தி வந்தது: தூரத்தில் ஊழியம் செய்யும் ஒரு குடும்பத்தின் பிள்ளைக்கு அவசர அறுவை சிகிச்சை, இன்று மாலைக்குள் பணம் கட்ட வேண்டும், இதுதான் கணக்கு எண். அலுவலகத்தில் அடுத்த கூட்டத்துக்கு எழுந்து போகிற வழியில் என் ஒரு மாதச் சம்பளத்தை அனுப்பிவிட்டேன். யார், எந்தச் சபை, எந்த மருத்துவமனை, ஒன்றும் கேட்கவில்லை. கேட்க இரண்டு தொலைபேசி அழைப்புகள் போதும், இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷம் என்னிடம் இல்லை, பணம் இருந்தது. அப்படி ஒரு குடும்பமே இல்லை என்று பத்து நாள் கழித்துத் தெரிந்தது. பணம் போனதைவிட எனக்கு உறைத்தது வேறு: அந்தப் பிள்ளை நிஜமாகவே இருந்திருந்தாலும் நான் அதற்காக ஒரு நிமிஷம்கூட ஜெபித்திருக்கவில்லை. பணத்தை அனுப்பி அந்தக் காரியத்தைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டு நடந்துவிட்டேன். இப்போது எனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறேன். "இன்றைக்குள், இப்போதே" என்று யார் கேட்டாலும், முதலில் சம்பந்தப்பட்டவரின் குரலைக் கேட்க வேண்டும், அல்லது அவரை நேரில் தெரிந்த ஒருவரிடம் பேச வேண்டும். பேச நேரமில்லையென்றால் கொடுப்பதில்லை.

பெரிய இழப்பு பணம் இல்லை. பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடும் தங்கை ஒருத்தி. ஒரு மாதத்துக்குள் மூன்று தடவை என்னிடம் வந்து, "அக்கா, உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்றாள். முதல் தடவை ஆராதனை தொடங்கப்போகிறது என்றேன். இரண்டாம் தடவை பெண்கள் ஐக்கியக் கணக்கை முடிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் தடவை, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, கையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு நின்று உதவிய நல்ல சமாரியன் பாடத்துக்கான படங்களை வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். "அடுத்த வாரம் கண்டிப்பா பேசலாம்மா" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனேன். அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பிறகு வேறு சபைக்குப் போகிறாள் என்றார்கள். நான் பாடகர் குழுவில் அவள் குரலுக்கு ஈடாக இன்னொருவரைத் தேடினேன். அவளுக்கு அந்த மாதம் கரு கலைந்திருந்தது, வீட்டில் அதை அவள் குற்றமாகப் பேசியிருந்தார்கள் என்பது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

இந்த விஷயம் மனதை அறுத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் ஒரு ஆய்வைப் பற்றி வாசித்தேன். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களை வைத்து டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்து 1973இல் வெளியிட்டது. மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ச் சிறு உரை நிகழ்த்தச் சொன்னார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பே நல்ல சமாரியன் கதைதான். போகிற வழியில் ஒரு ஆள் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருப்பார். அவரும் ஏற்பாட்டில் ஒரு பகுதி. நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு விதத்தில் உதவினார்கள். "ஏற்கெனவே தாமதம், ஓடுங்கள்" என்று விரட்டப்பட்டவர்களில் உதவியது 10 சதவீதம். எந்தத் தலைப்பில் பேசப் போனார்கள் என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. நல்ல சமாரியனைப் பற்றிப் பேச ஓடியவர்களில் சிலர் விழுந்து கிடந்தவரைத் தாண்டிக் கால் வைத்துப் போனார்களாம். நான் அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் கையில் படங்களும் இருந்தன.

சரி, உடம்புக்கு வருகிறேன். அந்த ஞாயிறுக்கு முன்பே அறிகுறிகள் எல்லாம் இருந்தன. இரவு 2 மணிக்கு விழிப்பு வரும், பிறகு தூக்கம் வராது. படியேறினால் மூச்சு வாங்கும். தொலைபேசி மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கும். பிள்ளைகள் சத்தமாகச் சிரித்தால்கூட எரிச்சல். சபையில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னேன், "ஜெபம் குறைஞ்சிருக்கும், சிஸ்டர்" என்றார். எட்டு மாதம் அதை நம்பி இன்னும் அதிகமாக உபவாசம் இருந்தேன். கடைசியில் மருத்துவரிடம் போனபோது இரத்தத்தில் ஹீமோகுளோபின் மிகவும் குறைந்திருந்தது. அதோடு பதற்ற நோயும் இருக்கிறது என்று மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அலுவலகத்தில் 3 மாதம் சம்பளமில்லா விடுப்பு. அந்த 3 மாதச் சம்பளமும் முன்னால் போன ஒரு மாதச் சம்பளமும் சேர்த்தால் என் ஒரு வருட வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு.

அதனால் இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இப்படி இருந்தால், முதலில் மருத்துவரைப் பாருங்கள், இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மனம் சோர்ந்திருந்தால் அதையும் வாய்திறந்து சொல்லுங்கள். இது அவிசுவாசம் இல்லை. 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறான். அதற்கு முந்தின அதிகாரத்தில்தான் வானத்திலிருந்து அக்கினியை இறக்கியவன். அவனுக்கு தேவன் அப்போது பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார், தூதனை அனுப்பி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார், மறுபடியும் தூங்கவிட்டார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றார். "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி வருவது அதற்கு 40 நாள் கழித்து. இந்த வரிசையைப் பல வருடமாக நான் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன், எனக்கு மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

கொஞ்சம் தேறியதும் நான் செய்த முதல் காரியம் சிரிப்புக்குரியது. நிதானமாக வாழ ஒரு திட்டம் போட்டேன். காலை 4 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் மௌனம், பிறகு நன்றிக் குறிப்பேடு, பிறகு நடை, தொலைபேசியில் தியானத்துக்கு என்று இரண்டு செயலிகள், ஒவ்வொரு நாளும் விடாமல் செய்தால் அது கொடுக்கும் நட்சத்திரம். 11 நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் தூங்கிவிட்டேன், நட்சத்திரம் போனது, அன்று முழுக்க எனக்கே என்மேல் கோபம். பழைய டிக் அட்டையைத்தான் வேறு சட்டை போட்டு உட்காரவைத்திருக்கிறேன் என்று அன்றுதான் புரிந்தது. ஆலோசகரும் அதையே சொன்னார். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள், அது பழகிய பிறகு அடுத்தது என்றார்.

நான் எடுத்துக்கொண்ட ஒன்று மிகவும் அற்பமானது. எங்கே போனாலும் 15 நிமிஷம் முன்னதாகக் கிளம்புவது. ஜெபிக்க இல்லை, வாசிக்க இல்லை, சும்மா முன்னதாகக் கிளம்புவது. இரண்டு வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலில் நின்று ஏதாவது சொன்னால் நின்று கேட்க முடிந்தது. வழியில் யாராவது குறுக்கே வந்தால் மனதுக்குள் திட்டவில்லை. ஆராதனைக்கு முதல் மணிக்கு முன்பே போய் உட்கார்ந்தால், புதிதாக வந்து எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்பவர்கள் கண்ணில் பட்டார்கள். ஆறு வருடமாக அவர்கள் அங்கேதான் நின்றிருக்கிறார்கள். எங்கே ஆரம்பிப்பது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

அடுத்து வேதவாசிப்பு. டிக் அட்டையை எடுத்து வைத்துவிட்டு 23ஆம் சங்கீதத்தை எடுத்தேன். மொத்தம் 6 வசனம். வாரத்துக்கு ஒரு வசனம் என்று 6 வாரம். மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதத்தில் என்ன இருக்கப்போகிறது என்று முதல் நாள் அலுப்பாக இருந்தது. இரண்டாம் வாரம் "அமர்ந்த தண்ணீர்கள் அண்டையில்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ஓடுகிற தண்ணீரில் ஆடு குடிக்கத் தயங்குமாம், எங்கோ கேட்டது. அது சரியோ தவறோ, அந்த வாரம் முழுக்க பாத்திரம் கழுவும்போதும் "அமர்ந்த" என்ற அந்த ஒரு சொல்லை வாய்க்குள் வைத்திருந்தேன். பிறகுதான் இது ஒன்றும் புதுசில்லை என்று தெரிந்தது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற கார்த்தூசிய சபைத் துறவி இதை நான்கு படி ஏணியாக எழுதி வைத்திருக்கிறார்: வாசிப்பு, தியானிப்பு, ஜெபம், அதன்பின் தேவ சமூகத்தில் சும்மா இருப்பது. நடைமுறையில் நான் செய்வது இவ்வளவுதான்: நாலைந்து வசனத்தை வாய்விட்டு மெதுவாக வாசிப்பேன், எந்தச் சொல் இடறுகிறதோ அங்கே நிற்பேன், அதைப் பற்றி தேவனிடம் இரண்டு வாக்கியம் பேசுவேன், பிறகு பேசாமல் இருப்பேன். பல நாள் நான்காம் படிக்கு வரும்போது அலுவலக நினைப்பு வந்துவிடும், சில நாள் தூங்கிவிடுவேன். பரவாயில்லை. தொலைபேசி மட்டும் வேறு அறையில் இருக்க வேண்டும், இதில் சமரசமே கிடையாது.

பொறுப்புகளை விட்டதுதான் கடினமான பகுதி. முதலில் போதகர் ஐயாவிடம் போய் நீளமாக, ஆவிக்குரிய காரணமெல்லாம் சொல்லி விளக்கினேன். அவரும் அதே பாஷையில் பதில் சொன்னார், நான் இன்னொரு வேலையோடு திரும்பி வந்தேன். நீளமாக விளக்கினால் அது பேரமாகிவிடுகிறது. இரண்டாம் தடவை எழுத்தில் கொடுத்தேன். மூன்றே வரி: இன்ன தேதியோடு இன்னின்ன பொறுப்புகளிலிருந்து விலகுகிறேன், அதுவரை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், ஓய்வுநாள் பள்ளி வகுப்பு ஒன்றை மட்டும் தொடர்கிறேன். சாவிகள், கணக்கு நோட்டு, பெயர்ப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டேன். சிலர் பேசுவதை நிறுத்தினார்கள். ஒருவர் என் முன்னாலேயே, "ஆதி அன்பு தணிஞ்சுபோச்சு" என்றார். அன்று இரவு நன்றாக அழுதேன். என் இடத்துக்கு வந்தவர் பல வேலைகளை என்னைவிடச் சுமாராகத்தான் செய்தார், ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. சொல்லப்போனால் அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

ஓய்வுநாளுக்கு வருவோம். ஞாயிறு எனக்கு ஓய்வுநாளாக இருந்ததே இல்லை, அன்றுதான் அதிக வேலை. இது ஊழியத்தில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். அதனால் சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து இரவு வரை என்று ஒரு நேரத்தை ஒதுக்கினேன். உடனே வீட்டில் முதல் கேள்வி வந்தது. "அப்போ சனிக்கிழமை ராத்திரி யாரு சமைக்கிறது?" என்றார் கணவர். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். யாத்திராகமம் 20இல் ஓய்வுநாள் கட்டளையை எடுத்துப் பாருங்கள். நீ, உன் குமாரன், உன் குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலில் இருக்கும் அந்நியன் என்று பட்டியல் போகிறது. மனைவி அதில் இல்லை. "நீ" என்பதற்குள் மனைவியும் அடக்கம் என்று விளக்கம் சொல்கிறார்கள், இருக்கலாம். ஆனால் பல கிறிஸ்தவ வீடுகளில் அந்தப் பட்டியலை எழுத்துப்படிதான் கடைப்பிடிக்கிறோம் என்று நான் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். அப்புறம் யோசித்தார். வனாந்தரத்தில் வானத்திலிருந்து வந்த மன்னா என்ற ஆகாரத்தை ஆறாம் நாள் இரண்டத்தனையாகச் சேர்த்து வைக்கச் சொன்னதைப் போல, எங்கள் வீட்டில் வெள்ளி இரவே நான்கு பேரும் சேர்ந்து அடுத்த நாளுக்கானதைச் செய்து வைக்கிறோம். ஒருவர் ஓய்வெடுக்க இன்னொருவர் உழைத்தால் அதற்குப் பெயர் ஓய்வுநாள் இல்லை. இதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து முதலிலேயே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் வாரத்தில் சண்டை வரும். எங்களுக்கு வந்தது. சனிக்கிழமைகளில் நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. முதல் மாதம் பிள்ளைகளுக்கு அலுப்புத் தாங்கவில்லை. இப்போது அவர்கள்தான், "இன்னிக்கு யாரும் வெளியே போகக்கூடாது" என்று கதவைச் சாத்துகிறார்கள்.

மற்ற ஆறு நாளும் வேலை இருக்கத்தானே செய்கிறது? 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரக் கார்மேல் மடத்துச் சமையலறையில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரச் சத்தத்துக்கும் ஜெப நேரத்துக்கும் தனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்ற நிலைக்கு வந்தவர். அதற்கும் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் புனித பெனடிக்ட், மடத்தின் பாத்திரங்களையும் சாமான்களையும் பீடத்தின் பரிசுத்த பாத்திரங்களைப் போலப் பாவிக்க வேண்டும் என்று தன் மடத்து ஒழுங்குவிதிகளில் எழுதினார். ஒரு காலத்தில் இதையெல்லாம் கேட்டால், துறவிகளுக்கென்ன, பிள்ளையா குட்டியா என்று நினைப்பேன். இப்போதும் கொஞ்சம் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் ஒரே ஒரு பாத்திரத்தில் அதைச் செய்து பார்க்கலாம். இரவில் கடைசியாகக் கழுவும் பாத்திரத்தை மட்டும் நான் மெதுவாகக் கழுவுகிறேன். அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே அன்றைக்கு நான் யாரைத் தாண்டிப் போனேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். இரவில் அந்த நாளைத் திரும்பிப் பார்க்கும் முறையை 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் ஒழுங்குபடுத்திக் கொடுத்திருக்கிறார். அவர் சொல்வதில் பல படிகள் உண்டு, நான் இந்த ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன். பாத்திரம் சுத்தமாவதற்குள் ஒரு பெயராவது வந்துவிடும். மறுநாள் அவரைக் கூப்பிடுவேன்.

ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. மெதுவாகச் செய்வதெல்லாம் பக்தி என்று நான் சொல்லவில்லை. கர்த்தர் மரத்தில் ஏறியிருந்த சகேயுவை "சீக்கிரமாய் இறங்கிவா" என்றுதான் கூப்பிட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினால் ஓடத்தான் வேண்டும். மாற்கு 5ஆம் அதிகாரத்தில் யவீரு என்ற தகப்பன் சாகக்கிடக்கும் 12 வயது மகளுக்காக இயேசுவை அழைத்துக்கொண்டு போகிறான். வழியில் 12 வருடமாக இரத்தப்போக்கால் பாடுபட்ட ஒரு ஸ்திரீ அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவர் நின்றுவிடுகிறார். யார் தொட்டது என்று சுற்றிப் பார்க்கிறார், அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை நிற்கிறார். அதற்குள் மகள் இறந்துபோன செய்தி வந்துவிடுகிறது. நான் யவீருவாக இருந்திருந்தால் அங்கேயே கத்தியிருப்பேன். அவர் யவீருவின் வீட்டுக்கும் போனார், பிள்ளையை எழுப்பவும் செய்தார் என்று நமக்குத் தெரியும், அந்தத் தகப்பனுக்கு அந்த நிமிஷத்தில் தெரியாது. நின்று கேட்பதற்கு ஒரு விலை இருக்கிறது, சில நேரம் அதை இன்னொருவர் கொடுக்கிறார். இதற்கு என்னிடம் விடை இல்லை. ஏசாயா 28:16இல் கடைசியாக இரண்டே சொல்: "விசுவாசிக்கிறவன் பதறான்." ஓடமாட்டான் என்று அதில் இல்லை. நான் இதைச் சின்னத் தாளில் எழுதிச் சாவி மாட்டும் இடத்தில் ஒட்டியிருக்கிறேன். பாதி நாள் பார்க்காமலேயே சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன்.

அந்தத் தங்கையைத் தேடிப் போனேன். போவதற்குத் தைரியம் வரவே நாலு மாதம் ஆனது. முன்கூட்டியே கேட்டுவிட்டு ஒரு சனிக்கிழமை போனேன். கதவைத் திறந்தவள், "வாங்க அக்கா" என்றாள், முகத்தில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு நீ கேட்டபோது நான் நின்றிருக்க வேண்டும், மன்னித்துக்கொள் என்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வாக்கியம்தான், ஆனாலும் குரல் உடைந்தது. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ சொல்லியிருப்பேன் அக்கா. இப்போ சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு உடனே ஏதாவது வசனம் சொல்ல வேண்டும், ஜெபிக்கட்டுமா என்று கேட்க வேண்டும் போல இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். கட்டிலில் துவைத்து உலர்ந்த துணி குவிந்து கிடந்தது. அவள் ஒரு போர்வையை உதறி மடிக்க ஆரம்பித்தாள். பெரிய போர்வை, ஒரு ஆள் கைக்கு அடங்கவில்லை, ஒரு முனை தரையில் புரண்டது. நான் எழுந்துபோய் அந்த முனையை எடுத்துக்கொண்டேன். இருவரும் இழுத்துப் பிடித்தோம், நுனியோடு நுனி சேர்க்க அவள் பக்கம் நடந்தேன், அவள் வாங்கிக்கொண்டாள். நான் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். அது முடிந்ததும் அவள் இன்னொன்றை எடுத்து, என் பக்கம் ஒரு முனையை நீட்டினாள்.